துண்டுக்கு அடியில் ஒரு வருஷம்

தங்கை அந்தப் பொட்டலத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்ததும் மேசை ஒரு முறை முனகியது. நான் என் டீக் கோப்பையை என் பக்கமாக இழுத்துக்கொண்டேன். அண்ணன் தன்னுடையதை அவன் பக்கம் இழுத்துக்கொண்டான். எங்கள் வீட்டில் யாராவது எதையாவது கொண்டுவந்து நடுவில் வைத்தால் முதலில் அவரவர் பொருளை அவரவர் பக்கம் சேர்த்துக்கொள்வோம். வந்தது என்னவென்று பிறகு பார்ப்போம். ரத்தினக் கல் வியாபாரிகள் வீடு. கேட்காமல் வந்த பொருளுக்குப் பின்னால் எப்போதும் ஒரு விலை இருக்கும்.

பழுப்புக் காகிதத்தைப் பிரித்தாள். உள்ளே ஒரு பைபிள். ஞாயிற்றுக்கிழமை கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சர்ச்சுக்குப் போகிற அளவு இல்லை. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அளவு. கறுப்பு அட்டை, சிவப்பு நாடா, தாள்களின் ஓரமெல்லாம் மினுமினுப்பு.

"குடும்ப பைபிள்," என்றாள். "இந்த வீட்டுல ஆளுக்கு ஒரு பைபிள் இருக்கு. குடும்பத்துக்குன்னு ஒண்ணு இல்ல. நடுவுல திறந்து பாருங்க."

அண்ணன் திறக்கவில்லை. கழுத்தில் கயிற்றில் தொங்கும், கல் பார்க்கிற சின்னக் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு ஓரத்தைப் பார்த்தான். நகத்தால் ஒரு இடத்தில் லேசாகச் சுரண்டினான்.

"தங்கம் இல்ல. பெயிண்ட்."

"தங்கம்னு நான் சொன்னேனா?"

"நீ சொல்லல. கடைக்காரன் சொல்லியிருப்பான்."

"அவன் பைபிள் விக்கிறவன் பெரியண்ணா. பொய் சொல்ல மாட்டான்."

"அவன்தான் முதல்ல சொல்லுவான்," என்றான் அண்ணன். கண்ணாடியை இறக்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

திறந்தது நான். பழைய ஏற்பாட்டின் கடைசித் தீர்க்கதரிசி மல்கியா முடிந்து, புதிய ஏற்பாட்டின் மத்தேயு தொடங்குவதற்கு முன்னால் நான்கு தடித்த தாள்கள் இருந்தன. சுற்றிலும் திராட்சைக் கொடி வரைந்து, மேலே பெரிய எழுத்தில் ஒன்றில் விவாகங்கள், ஒன்றில் பிறப்புகள், ஒன்றில் மரணங்கள். நான்காவதில் தலைப்பே இல்லை. எழுத விஷயம் மிஞ்சிப் போகிற குடும்பங்களுக்காக இருக்கலாம். கீழே வரி வரியாகக் கோடு. ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் வருஷம் எழுத ஒரு சின்னக் கட்டம்.

அந்தக் கட்டங்களைப் பார்த்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணனுக்கும் புரிந்துவிட்டது என்று அவன் டீயைக் குடித்த வேகத்தில் தெரிந்தது.

தங்கை எங்களுக்கு ஒட்டுத் தங்கை. அப்படி நாங்கள் சொல்வதில்லை. நாற்பது வயது தாண்டியும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுகிறோம். ஆனால் அவள் 'அம்மா' என்று கூப்பிடுகிறவரை நாங்கள் 'சித்தி' என்று கூப்பிடுகிறோம். அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருக்கிறது. சித்தி எங்கள் அம்மாவுக்குத் தங்கையல்ல, ஒன்றுவிட்ட உறவுகூட அல்ல. அம்மா படுக்கையில் விழுந்த பிறகு ஊசி போட வந்த நர்ஸ். எழுபத்தொன்பதில் வந்தார். முதலில் பகலில் மட்டும் வந்து போனார். பிறகு ராத்திரியும் இருந்தார். எண்பத்தொன்றில் அம்மா போனாள். எண்பத்திரண்டின் கடைசியில் பாப்பா பிறந்தாள். இதற்கு நடுவில் எப்போதோ ஒரு கல்யாணம் நடந்தது என்பது குடும்பத்தின் நிலைப்பாடு. அப்பா கல் வாங்கப் போன ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு சர்ச்சில். சாட்சி இல்லை, போட்டோ இல்லை, மோதிரம் மட்டும் இருந்தது. கல் வியாபாரியின் வீட்டில் ஒரு மோதிரம் எதற்குச் சாட்சி?

"திடீர்னு எதுக்கு பாப்பா இதெல்லாம்?" என்றேன்.

"திடீர்னு இல்ல சின்னண்ணா. டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். இன்னொரு தடவை வந்தா அப்பா தாங்க மாட்டார். சொல்றதுக்கு ஆள் இருக்கும்போதே எழுதி வைக்கணும்."

சொல்ல வேண்டிய ஆள் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போன மழைக்காலத்தில் அப்பாவின் மூளையில் ஏதோ ஒரு நரம்பு அடைத்துக்கொண்டது. இடப்பக்கம் விழுந்தது. பேச்சும் போனது, ஆனால் முழுக்கப் போகவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும் தங்கிவிட்டது: "பாக்கலாம்." பசிக்கிறதா என்றால் பாக்கலாம். வலிக்கிறதா என்றால் பாக்கலாம். பாஸ்டர் வந்து, கர்த்தரை நம்புகிறீர்களா என்று கண்ணீரோடு கேட்டபோதும் அதைத்தான் சொன்னார். ஐம்பது வருஷம் விற்க வந்தவர்களை எல்லாம் எந்தச் சொல்லால் வாசலோடு திருப்பி அனுப்பினாரோ அதுவே மிஞ்சியது. தலையை ஆட்டுவார். எல்லாவற்றுக்கும் ஆட்டுவார். வியாபாரம் செய்த காலத்திலும் அவர் தலையாட்டலை நம்பியவர்கள் உருப்பட்டதில்லை.

பிறப்புகளில் ஆரம்பித்தோம். வம்பில்லாத பக்கம் என்று நினைத்தது தப்பு. அப்பாவின் வருஷத்தை எழுதினாள். அண்ணனுடைய முறை வந்ததும், அவன், "நிஜத்தை எழுதணுமா, சர்டிபிகேட்ல இருக்கிறதையா?" என்றான்.

"பைபிள்ல எழுதறோம் பெரியண்ணா."

அண்ணன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்து யோசித்து ஒரு வருஷம் சொன்னான். எனக்குத் தெரிந்தவரை அது நிஜமும் இல்லை, சர்டிபிகேட்டும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் கட்டுப்படியாகிற மாதிரி ஒன்று. பாப்பா அதையே எழுதிக்கொண்டாள். அவளுக்குக் கண்ணாடிக்கடை. கண்ணைச் சோதித்து மூக்குக்கண்ணாடி போட்டுவிடுகிற தொழில். எதிரே உட்கார்ந்தவன் எழுத்து தெரிகிறது என்று பொய் சொன்னாலும் முகம் மாறாமல் அடுத்த கண்ணாடியை மாட்டுவாள்.

மரணங்களில் அம்மாவை எழுதினாள். அழகான கையெழுத்து. எண்பத்தொன்று. அந்தப் பக்கத்தில் அம்மா மட்டும் தனியாக இருந்தாள்.

பிறகு விவாகங்கள். முதல் வரியில் அப்பாவும் அம்மாவும், அறுபத்தாறு. சுவரில் போட்டோவே இருக்கிறது. தொப்பியும் கையுறையுமாக அப்பா, ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரி அம்மா. இரண்டாவது வரியில் அப்பாவின் பெயரை மறுபடி எழுதினாள். பக்கத்தில் சித்தியின் பெயரை எழுதினாள். கட்டத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, எங்களை நிமிர்ந்து பார்த்தாள்.

 சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் சித்தி அப்பாவின் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சட்டையின் மேல் தண்ணீர் தெளிக்கிற சத்தமும், அதன் மேல் பெட்டி போகும்போது எழுகிற 'உஸ்'ஸும் மட்டும் கேட்டன.

எங்கள் தொழிலில் முதலில் விலை சொல்கிறவன் தோற்றவன். அதனால் அண்ணன் ஜன்னலைப் பார்த்தான். நான் டீயைப் பார்த்தேன். அண்ணன் என்ன நினைக்கிறான் என்று எனக்குத் தெரியும். அவன் மாடியில் குடியிருக்கிறான். கீழே அப்பாவும் சித்தியும். வீடு அப்பாவின் பெயரில். விவாகங்கள் என்று அச்சடித்த பக்கத்தில் ஒரு வரி ஏறிவிட்டால் நாளைக்கு அந்த வரி நடந்து மாடிக்கு வரும். பாப்பாவின் முகத்தில் அந்தக் கணக்கு இருக்கிறதா என்று நானும் பார்த்தேன். இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆசை தெரிந்துவிட்டால் அந்த ஆளோடு பேசிக்கொள்ளலாம். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"இதுக்கெல்லாம் ஒரு ஆதாரம் வேணும் பாப்பா," என்று அண்ணன் கடைசியில் சொன்னான்.

"ஆதாரம் வேணும்னா நான் கோர்ட்டுக்குப் போவேன். இங்க வருஷம்தான் கேக்கறேன்."

"வருஷம்தான் ஆதாரம்."

"சரி. அப்ப சொல்லு."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்தேன்."

"பரீட்சை எழுதி ஃபெயிலானது எந்த வருஷம்னு ஞாபகம் இருக்கா? அத வச்சுக் கண்டுபிடிக்கலாம்," என்றார் சித்தி, இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணனுக்கு வரவில்லை.

"நீங்களே சொல்லிடலாமே சித்தி," என்றேன் நான். "உங்க கல்யாணம். உங்களுக்குத் தெரியாம நடந்திருக்காது."

அவர் ஒரு சட்டையின் காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தார். "நான் சொன்னா நீ நம்புவியா?"

நம்புவேன் என்று உடனே சொல்லியிருக்கலாம். ஒரு மூச்சு இடைவெளி விட்டுவிட்டேன். அது போதுமாக இருந்தது.

"அதான்," என்றார் சித்தி. "நான் எந்த வருஷம் சொன்னாலும் அதுக்கு ஒரு காரணம் கண்டுபிடிப்பீங்க. அந்த வீட்டுக்காரரையே கேளுங்க. நாப்பது வருஷம் உங்க சட்டைக்கெல்லாம் பட்டன் தச்சிருக்கேன். வருஷத்தையும் நானே தச்சுக் குடுக்க முடியாது."

"அப்பாவையே கேக்கறதுதான் சரி," என்றாள் பாப்பா. சட்டென்று சொன்னாள். "பேச்சுதான் போச்சு. வலது கை நல்லா இருக்கு. துண்டு போட்டுக் கேளுங்க."

இவள் இதை யோசித்து வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. பொட்டலம் கட்டும்போதே யோசித்திருக்கிறாள். அண்ணன் என்னைப் பார்த்தான். அவனுக்கும் அதே தோன்றியிருக்கிறது. நாங்கள் இருவரும் ஒரே மாதிரி நினைக்கிற சந்தர்ப்பங்கள் குறைவு. அவை எல்லாமே மூன்றாவது ஆளைப் பற்றியவை.

துண்டு என்றால் இதுதான். கல் சந்தையில் சுற்றிலும் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். வாயால் விலை சொன்னால் அது ஊர் விலையாகிவிடும். அதனால் விற்கிறவனும் வாங்குகிறவனும் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டு விரல் இரண்டு. ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. ஐந்துக்கு மேல் என்றால் முதலில் ஐந்தைப் பிடித்துவிட்டு மிச்சத்தைப் பிடிப்பார்கள். நடுவில் ஒரு தட்டு தட்டினால் அடுத்த எண். சைபருக்கு உள்ளங்கையில் ஒரு வட்டம். உள்ளங்கையைச் சுரண்டினால் 'நீ சொல்லு' என்று அர்த்தம். முழுக் கையையும் அழுத்தினால் முடிந்தது. கையை மூடிக்கொண்டால் வியாபாரம் இல்லை, நடையைக் கட்டு. வெளியே இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அண்ணனுக்கும் எனக்கும் மீசை முளைப்பதற்கு முன்பே அப்பா இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டார். பாப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பெண் பிள்ளை சந்தைக்குப் போகப்போவதில்லை என்பது அப்பாவின் கணக்கு.

"துண்டு எதுக்கு?" என்றேன். "நேரா விரலைக் காட்டச் சொல்லலாமே."

காட்டச் சொன்னோம். நான் அவர் முன்னால் குனிந்து, "அப்பா, சித்தியைக் கல்யாணம் பண்ணினது எந்த வருஷம்? எண்பதா, எண்பத்தொண்ணா, எண்பத்திரண்டா?" என்று கேட்டேன். கண் தெளிவாக இருந்தது. கேள்வி உள்ளே போனது தெரிந்தது. அந்தப் பழைய, கல்லைப் பார்க்கிற பார்வையால் என்னைப் பார்த்தார். என் பின்னால் நின்ற அண்ணனைப் பார்த்தார், பாப்பாவின் பேனாவைப் பார்த்தார். நாலு பேர் நிற்கிற இடத்தில் அவர் ஆயுசில் ஒரு எண்ணைச் சொன்னதில்லை.

"பாக்கலாம்," என்றார். மடியில் கிடந்த துண்டை வலது கையால் இழுத்து அந்தக் கையின் மேலேயே போட்டுக்கொண்டார்.

"பாத்தியா, அவரே போட்டுக்கிட்டார்," என்றாள் பாப்பா.

மூத்தவன் என்ற முறையில் அண்ணன் முதலில் உட்கார்ந்தான். கையை உள்ளே விட்டான். துண்டு ஒரு முறை புடைத்தது. வெளியே அண்ணனின் முகம் மழையைப் பற்றிப் பேசுகிற முகமாக மாறியது. எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். என்னிடமே எத்தனையோ கல்லை அந்த முகத்தோடு தள்ளியிருக்கிறான். சீக்கிரமே கையை வெளியே எடுத்தான்.

"கையை மூடிட்டார்."

"மூடினார்னா?" என்றாள் பாப்பா.

"மூடினார்னா மூடினார். இல்லைன்னு அர்த்தம்."

இஸ்திரியின் 'உஸ்' நின்றது. சித்தியைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பாப்பாவைப் பார்த்தேன். அவள் பேனாவை மூடவில்லை. கட்டத்துக்கு மேலேயே பிடித்திருந்தாள்.

"நீ என்ன கேட்ட பெரியண்ணா?"

"என்ன கேக்கணுமோ அதைக் கேட்டேன்."

"விரல்ல என்ன கேட்ட?"

"நீ என்ன குறுக்கு விசாரணை பண்றியா?"

அண்ணன் உள்ளே என்ன கொடுத்திருப்பான் என்று எனக்குத் தெரியாமலில்லை. அவன் முதலில் தன் கையை மூடிக் காட்டியிருப்பான். 'ஒன்றும் கிடையாது, சரிதானே' என்று. அப்படி ஒரு கையை அப்பாவிடம் நீட்டினால் எந்த வியாபாரியும் செய்வதை அவரும் செய்திருப்பார். ஆனால் இதை எப்படி நிரூபிப்பது? துண்டு போட்டதே நிரூபிக்க முடியாமல் இருப்பதற்காகத்தான்.

"நகரு," என்றேன்.

அப்பாவின் கை சூடாக இருந்தது. நான் நினைத்ததைவிட மெலிந்திருந்தது. உள்ளங்கைத் தோல் காகிதம் மாதிரி. கடைசியாக அந்தக் கையை எப்போது பிடித்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில்கூடப் பிடிக்கவில்லை. கட்டிலின் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் எதுவும் கொடுக்காமல் காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். பிறகு ஆள்காட்டி விரலின் நகம் என் உள்ளங்கையைச் சுரண்டியது.

நீ சொல்லு.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது அம்மாவின் அறைக்கு அடுத்த அறையில் தூங்குவேன். நடுவில் பலகைத் தடுப்பு. ஒரு நாள் சாயங்காலம் கூடத்தில் அப்பாவும் சித்தியும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய சிரிப்பு இல்லை. அன்றைக்குச் சந்தையில் எவனையோ ஏமாற்றிய கதையாக இருக்கும். தடுப்புக்கு அந்தப் பக்கம் அம்மா விழித்திருந்தாள். விழித்திருக்கிறவர்களின் மூச்சு எனக்குத் தெரியும். அவள் இருமலை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். தன் இருமலால் அந்தச் சிரிப்பு நின்றுவிடக் கூடாது என்று அடக்கினாளா, இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் என்று அடக்கினாளா? இத்தனை வருஷமாக நான் அதற்கு விலை போட்டுப் பார்க்கிறேன், கட்டுப்படியாகவில்லை.

அதனால் எனக்கு வேண்டியது எண்பத்திரண்டு. எண்பதென்றால் அம்மா அந்தத் தடுப்புக்குப் பின்னால் உயிரோடு இருக்கும்போதே இன்னொரு சர்ச்சில் பாட்டுப் பாடியிருக்கிறார்கள். அப்படியென்றால் அது கல்யாணமே இல்லை. எண்பத்தொன்றென்றால் அம்மாவுக்கு முன்னாலா பின்னாலா என்று ஆயுசு முழுக்க யோசிக்க வேண்டும். எண்பத்திரண்டென்றால் அம்மா போய், பூவெல்லாம் காய்ந்து, கல்லறையில் பெயர் வெட்டி, அதற்குப் பிறகு. மானமாக இருக்கும். அம்மாவுக்கு ஒரு வருஷம். நான் அவளுக்காக ஆண்டவரிடம் கேட்டது அவ்வளவுதான். அப்பாவிடம் கேட்டதே இல்லை.

அவர் விரல்கள் ஐந்தையும் பிடித்தேன். பிறகு மூன்று. தட்டினேன். இரண்டு.

உடனே என் கையை அழுத்தினார். முடிந்தது.

 வியாபாரம் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முதல் விலைக்கே ஒருவன் முழுக் கையை அழுத்தினால், நாம் மாட்டிக்கொண்டோம் என்று அர்த்தம். கல்லில் கீறல் இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவனுக்குத் தெரியும். அப்பா என்னிடம் ஒரு கல்லைக்கூட முதல் விலைக்குக் கொடுத்ததில்லை.

மறுபடி கொடுத்தேன். ஐந்து, மூன்று, தட்டு, ஒன்று.

உடனே அழுத்தினார். அதுவும் முடிந்தது.

அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். இழுத்துக்கொண்ட இடப்பக்கம் ஒன்றும் சொல்லவில்லை. வலப்பக்கம் மழையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தது. என்னிடம் இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருந்தது. அதைக் கொடுத்திருந்தால் தெரிந்திருக்கும். அதையும் அழுத்தினால், வாங்க வந்தவனுக்கு எது வேண்டுமோ அதைக் கொடுத்து அனுப்புகிறார் என்று அர்த்தம். அழுத்தாமல் விரல் அசையாமல் நின்றால் வேறு அர்த்தம். உள்ளங்கையில் ஒரு சின்ன வட்டம், அவ்வளவுதான். என் விரல் வரவில்லை. கையை வெளியே எடுத்துவிட்டேன். 

"என்ன சொன்னார்?" என்றான் அண்ணன்.

"எண்பத்திரண்டு," என்றேன்.

அண்ணன் மூக்கால் சிரித்தான். "ஆமா. வருஷத்தோட பாட்டும் பாடியிருப்பார்."

"உன்கிட்ட மூடினார், என்கிட்ட சொன்னார். நான் என்ன பண்ணட்டும்?"

பாப்பாவின் பேனா கட்டத்துக்குள் இறங்கியது. எட்டின் மேல் சுழிக்கு ஒரு புள்ளி வைத்ததைக்கூடப் பார்த்தேன். அங்கேயே நின்றது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டுக் கேட்டு, தெரிகிறது என்று சொல்கிறவனின் கண்ணைப் பார்க்கிற பார்வை.

"பெரியண்ணாவுக்குக் கையை மூடினார். உனக்கு எண்பத்திரண்டு," என்றாள். "ரெண்டு பேருக்கும் ஒரே அப்பாதானே?"

"அது பைபிள்ல எழுதின வரைக்கும் உண்மை," என்றேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.

அவள் பேனாவைத் தாளின் மேல் படுக்க வைத்தாள். எழுந்து, நாற்காலியை இழுத்து அப்பாவின் பக்கத்தில் போட்டாள். மேசையில் இருந்த பைபிளைத் திறந்தபடியே ஜன்னல் பக்க ஓரத்துக்கு நகர்த்தி, தன் இடப்பக்கம் வைத்துக்கொண்டாள். எங்களை நம்பி அதை அங்கே விட்டுவிட்டு வர அவளுக்கு மனம் இல்லை. நானாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

"உனக்கு அந்த பாஷை தெரியாது பாப்பா," என்றான் அண்ணன்.

"தெரிஞ்சவங்க ரெண்டு பேர் போயிட்டு வந்தாச்சே."

"அவர் கையைப் பிடிப்பார், நீ என்னன்னு புரிஞ்சுப்ப?"

"எத்தனை விரலைப் பிடிச்சார்னு எனக்கு எண்ணத் தெரியும்."

"எண்ணிட்டு? எங்ககிட்டதான் வந்து கேக்கணும்."

 அண்ணன் சொன்னது சரிதான் என்று அவளுக்கும் தெரிந்தது; யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை. என்னைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். கடைசியில் திரும்பி இஸ்திரி மேசையைப் பார்த்தாள்.

சித்தி பெட்டியை நிமிர்த்தி வைத்திருந்தார். "அதுல போய் கையை விடாதடி," என்றார். குரலில் கோபம் இல்லை. ஏதோ ஒரு களைப்பு, கொஞ்சம் சிரிப்பும் இருந்த மாதிரி இருந்தது. "அந்தத் துண்டுக்குள்ள அந்த மனுஷன் ஆயுசுல ஒரு உண்மை சொன்னதில்ல."

"உன்கிட்டயுமாம்மா?"

சித்தி மடித்த சட்டையை மறுபடி மடித்தார்.

பாப்பா கையை உள்ளே விட்டாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அப்பா அவளைப் பார்த்தார். இவள் எதற்கு இங்கே என்கிற மாதிரி ஒரு பார்வை. சந்தையில் பெண்கள் கை நீட்டி அவர் பார்த்ததில்லை. இவளிடமிருந்து ஒரு விலையும் வரவில்லை. இவளுக்குக் கேட்கத் தெரியாது, சுரண்டினால் பதில் சொல்லவும் தெரியாது. சுரண்டியிருப்பார் என்று நினைக்கிறேன், அவள் தோள் லேசாகக் கூசியது. கையை எடுக்கவில்லை. வெறுமனே கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு துண்டு அசைய ஆரம்பித்தது.

அவள் இடது கை பைபிளின் மேல் இருந்தது. மறந்துவிடக் கூடாதே என்று அவளையறியாமலே அந்தக் கை எண்ணிக்கொண்டிருந்தது. உள்ளே வலது கைக்கு நடந்ததை வெளியே இடது கை தாளின் மேல் அப்படியே செய்தது. நான் முதலில் பார்த்தேன். நான் பார்ப்பதை அண்ணன் பார்த்தான். ஐந்து விரலும் ஒருசேர இரண்டாவது வரியின் மேல் அழுந்தின. தளர்ந்தன. பிறகு மூன்று விரல். எட்டு. அது எவருக்கும் தெரிந்ததுதான். ஒரு தட்டு. எங்கள் இருவர் தலையும் எப்போது அந்தக் கைக்கு மேல் அவ்வளவு கிட்டே குனிந்தன என்று தெரியவில்லை. அண்ணனின் கல் பார்க்கிற கண்ணாடி சட்டையிலிருந்து நழுவி என் கன்னத்தில் இடித்தது.

அவள் நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். தன் இடது கையைப் பார்த்தாள்.

அவசரமே இல்லாமல் அந்தக் கையை விவாகங்களுக்கு அடியில் நுழைத்தாள். மல்கியாவும் அதற்கு முன்னால் இருந்த எல்லாத் தீர்க்கதரிசிகளும் புரண்டு வந்து மேலே விழுந்தார்கள். கை மணிக்கட்டு வரை மறைந்துவிட்டது. அப்பா இன்னும் முடிக்கவில்லை. துண்டு ஓரிடத்தில் மெல்ல எழும்பி அடங்கியது, மறுபடி எழும்பியது. இந்தப் பக்கம், பைபிளின் தாளும் அதே போல எழும்பி அடங்கியது. பாப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"மழை வரும்போல இருக்கு," என்றாள்.